செல்-ஃப்ரீயில் நொதி ஆய்வு: சொந்த லைசேட்டா, பியூர் கிட்டா, வழக்கமான ஈ. கோலையா?

மரபணு கையில் இருக்கிறது. அது தரும் நொதி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். செல்-ஃப்ரீயில், அதாவது உயிருள்ள செல் இல்லாமல், உடைத்த செல்லின் சாற்றிலோ (லைசேட்) தனித்தனியே சுத்திகரித்த பாகங்களின் கலவையிலோ (பியூர்) புரதம் செய்யும் முறையில் போகலாமா, போனால் எந்த வகையில் போவது? கிண்டி, தரமணி, அடையாறு பக்கத்து ஆய்வகங்களில் பிஎச்.டி. செய்பவர்களும், கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்ட் நடத்தும் ஆசிரியர்களும் தொடர்ந்து கேட்கும் கேள்வி இது. கிட் விளம்பரத்தில் பலரும் முதலில் தேடுவது "ஒரு மில்லிலிட்டருக்கு எவ்வளவு புரதம்" என்ற எண்ணைத்தான். அங்கிருந்து தொடங்கினால் முடிவு பெரும்பாலும் தப்பாகவே போகிறது. கடைசியில் செய்யப்போகும் அஸே (நொதியின் வேலையை அளக்கும் சோதனை) எது, அந்த அஸே எந்தப் பின்னணியைத் தாங்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான்.

செல்-ஃப்ரீ என்பது புதிய முறை அல்ல. 1961-இல் நிரன்பர்க்கும் மத்தேயும் உடைத்த ஈ. கோலை பாக்டீரியாவின் சாற்றில் யுரேசில் மட்டுமே கொண்ட ஆர்என்ஏவைப் போட்டார்கள். ஃபினைல்அலனின் சங்கிலி கிடைத்தது. மரபுக் குறியீட்டின் முதல் சொல் அப்படித்தான் வாசிக்கப்பட்டது. இன்றும் அடிப்படை அதேதான்: ரைபோசோம், டிஆர்என்ஏ, அமினோ அமிலங்கள், ஆற்றல் தரும் ஒரு பொருள், இவற்றோடு உங்கள் டிஎன்ஏ. செல்லை உயிரோடு வைத்திருக்க வேண்டியதில்லை என்பதால், செல்லைக் கொல்லும் புரதத்தையும் இதில் செய்யலாம்.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் பின்னணி. உங்கள் நொதி செய்யும் அதே வேலையை, அல்லது அதன் வினைபொருளைத் தின்னும் வேலையை, கலவையில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது செய்கிறதா? இரண்டாவது, எத்தனை வடிவங்களைச் சோதிக்கிறீர்கள் என்பது. ஒரே நொதி என்றால் ஒரு கணக்கு. நாற்பது மியூட்டன்ட் (மாற்றம் செய்த வடிவம்) என்றால் வேறு கணக்கு. மூன்றாவது, புரதத்தின் தேவைகள்: டைசல்ஃபைடு பிணைப்பு, உலோகம், ஹீம், சவ்வு, மடிய உதவும் சாப்பரோன்.

நான்காவது அளவைப் பற்றியது. இதைத்தான் பலர் மிகையாக எண்ணிக்கொள்கிறார்கள். 30 கிலோடால்டன் நொதி 3 மைக்ரோகிராம் கிடைத்தால் அது 100 பிக்கோமோல். 100 மைக்ரோலிட்டர் கிணற்றில் 10 நானோமோலார் வைத்தால் கிணற்றுக்கு 1 பிக்கோமோல்தான் செலவு. ஒரு சிறு குழாயின் விளைச்சல் ஒரு 96 கிணற்றுத் தட்டு முழுவதற்கும் போதும். படிகம் வளர்க்கவோ என்எம்ஆருக்கோ போகிறவர்களுக்குத்தான் மில்லிகிராம் வேண்டும்.

ஐந்தாவது, குளிர்ச் சங்கிலி. சென்னையில் இதைத் தனி அளவுகோலாகவே வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மைனஸ் 80 ஃப்ரீசரை நம்பியிருக்கும் எந்த முறைக்கும் இந்த ஆபத்து உண்டு.

| | உயிருள்ள ஈ. கோலை | சொந்த லைசேட் | பியூர் | கோதுமை முளை |
|---|---|---|---|---|
| டிஎன்ஏ வந்தபின் முதல் விடை | 4 முதல் 7 நாள் | அதே நாள் | அதே நாள் | 1 முதல் 2 நாள் |
| பிசிஆரில் பெருக்கிய டிஎன்ஏ துண்டை நேரடியாகப் போடலாமா | முடியாது | பாதுகாப்பு சேர்த்தால் | ஆம் | ஆம், எம்ஆர்என்ஏ ஆக்கிய பிறகு |
| ஈ. கோலையின் சொந்த புரோமோட்டர் (மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடம்) வேலை செய்யுமா | ஆம் | ஆம் | செய்யாது | செய்யாது |
| பின்னணி நொதிகள் | சுத்திகரித்தால் குறைவு | மிக அதிகம் | குறைவு, ஆனால் உண்டு | நடுத்தரம் |
| மறைந்த செலவு | கரையாத புரதத்தோடு போகும் வாரங்கள் | தொகுதிக்குத் தொகுதி அளவு சரிபார்ப்பு | இறக்குமதி, உலர்பனி, வினைக்கான விலை | தனி வெக்டர், தனி எம்ஆர்என்ஏ படி |

உயிருள்ள ஈ. கோலை

ஒரே நொதி, கரையக்கூடியது, செல்லுக்கு விஷமில்லை என்றால் செல்-ஃப்ரீ பக்கம் போகவே வேண்டாம். பிஇடி வெக்டரில் (மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்) போட்டு, பிஎல்21 (டிஇ3) என்ற ஈ. கோலை ஸ்ட்ரெய்னில் ஏற்றி, 18 டிகிரியில் இரவு முழுக்க மரபணுவைக் கிளப்பும் ஐபிடிஜியை 0.1 முதல் 0.5 மில்லிமோலார் கொடுத்து வளர்த்து, நிக்கல் பத்தியில் பிடித்தால் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கிடைக்கும். கேகேட் (ஒரு நொதி மூலக்கூறு விநாடிக்கு எத்தனை வினை செய்கிறது என்ற எண்), நிலைப்புத் தன்மை, படிகம் எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம்.

இதில் செலவு நேரத்தில் ஒளிந்திருக்கிறது. புரதம் கரையாத கட்டியாக வந்துவிட்டால், வெப்பநிலையை மாற்று, டேக்கை (புரதத்தைப் பிடிக்க ஒட்டும் சிறு வால்) மாற்று, ஸ்ட்ரெய்னை மாற்று என்று ஒரு செமஸ்டரே போய்விடும். அப்படிச் சிக்கிக்கொள்ளும் முன், எந்தக் கட்டுமானம் கரைகிறது என்பதை மட்டும் செல்-ஃப்ரீயில் ஒரே நாளில் பார்த்துவிட்டு, தேறியதை ஃபிளாஸ்க்குக்குக் கொண்டுபோவது நல்ல வழி.

சொந்தமாகத் தயாரிக்கும் லைசேட்

பல வடிவங்களைச் சோதிக்கும் குழுவுக்கு, ஒருமுறை கை பழகிவிட்டால், இதைவிட மலிவான வழி இல்லை. பிஎல்21 ஸ்டார் (டிஇ3) நல்ல தேர்வு. எம்ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் ஈ நொதியில் குறைபாடு கொண்டது என்பதால் எம்ஆர்என்ஏ கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். 2×ஒய்டிபிஜி ஊடகத்தில், குளுக்கோஸை லிட்டருக்கு 18 கிராம் தனியாக ஆட்டோகிளேவ் செய்து சேர்த்து, 37 டிகிரியில் வளர்க்க வேண்டும். ஓடி (வளர்ப்பின் கலங்கல் அளவு) 0.6-இல் 1 மில்லிமோலார் ஐபிடிஜி. மரபணுவை எம்ஆர்என்ஏவாகப் படிக்கும் டி7 பாலிமரேஸைச் செல்லே செய்து வைத்துக்கொள்ளும். ஓடி 3-ஐத் தொட்டதும் உடனே பனியில் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று விட்டால் செல் எடை கூடும், ரைபோசோம் அடர்த்தி குறையும், சாறு பலவீனமாகும்.

எஸ்30 பஃபரில் மூன்று முறை கழுவி, 1 கிராம் ஈர எடைக்கு 1 மில்லிலிட்டர் பஃபரில் கலக்கி, சோனிகேட் செய்ய (மீயொலியால் உடைக்க) வேண்டும். 1.4 மில்லிலிட்டருக்கு மொத்தம் சுமார் 950 ஜூல் என்பது தொடங்க ஏற்ற அளவு: 45 விநாடி ஓட்டம், 59 விநாடி ஓய்வு, மூன்று சுற்று, குழாய் பனித்தண்ணீரில் நிற்க வேண்டும். இந்த இடத்தில் கண்ணை எடுக்காதீர்கள். முனை மேற்பரப்புக்கு அருகில் வந்தால் நுரை எழும். நுரை எழுந்தால் புரதம் கெட்டது. பிப்பெட்டில் இழுக்கும்போது நூலாக வந்தால் டிஎன்ஏ சரியாக உடையவில்லை, ஆற்றல் போதவில்லை என்று பொருள். 12,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றியபின் மேலே நிற்பது தெளிந்த, தேன் நிறச் சாறாக இருக்க வேண்டும். அதைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80-இல் வையுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம்.

15 மைக்ரோலிட்டர் வினைக்கு 4 மைக்ரோலிட்டர் சாறு போதும். ஒரு லிட்டர் வளர்ப்பில் 3 மில்லிலிட்டர் சாறு கிடைத்தாலும் 750 வினை. சாற்றைவிட அதில் சேர்க்கும், ஆற்றல் தரும் பிஇபி, டிஆர்என்ஏ, நியூக்ளியோடைடுகளுக்குத்தான் பணம் போகும். வினையில் சுமார் 33 மில்லிமோலார் பிஇபி, 1.2 மில்லிமோலார் ஏடிபி, மற்ற மூன்று நியூக்ளியோடைடுகளும் 0.85, இருபது அமினோ அமிலங்களும் 2 மில்லிமோலார் வீதம், 130 மில்லிமோலார் பொட்டாசியம் குளுட்டமேட், 200 நானோகிராம் பிளாஸ்மிட், 30 டிகிரி.

மக்னீசியம் அளவைத் தாளைப் பார்த்துப் போடக் கூடாது. ஒவ்வொரு தொகுதிக்கும் 4, 6, 8, 10, 12, 14 மில்லிமோலார் என்று ஆறு குழாயில் சூப்பர்ஃபோல்டர் ஜிஎஃப்பி (ஒளிரும் புரதம்) பிளாஸ்மிட்டோடு ஓட்டி, உச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமோலார் தள்ளிப்போனாலே விளைச்சல் பாதிக்குக் கீழே இறங்கலாம். வினை முன்னேறும்போது பிஇபியிலிருந்து பாஸ்பேட் சேர்ந்து மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்வதும், வினை சில மணி நேரத்தில் நின்றுபோக ஒரு காரணம். தண்ணீர் விஷயத்திலும் கவனம் வேண்டும். கட்டட ஆர்ஓ தண்ணீரில் பஃபர் கலக்கினால் அயனிகளின் அளவு மாதத்துக்கு மாதம் மாறும். மாலிக்யூலர் கிரேடு தண்ணீர் மட்டுமே பயன்படுத்துங்கள். பிஇபியும் பொட்டாசியம் குளுட்டமேட்டும் ஈரத்தை இழுப்பவை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாட்டிலை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் உடனே திறந்தால் உள்ளே பனித்துளி படிந்து, அடுத்த முறை எடை போடும்போது அளவு பொய்யாகிவிடும்.

அளவைக் கூட்டும்போது இன்னொரு சிக்கல் வரும். 15 மைக்ரோலிட்டரில் நன்றாக வந்த வினை, அதே குழாயில் 200 மைக்ரோலிட்டராகக் கூட்டினால் சரிந்துவிடும். லைசேட்டில் சவ்வுத் துணுக்குகள் வழியே ஆக்சிஜனைக் கொண்டும் ஆற்றல் உருவாகிறது. ஆழமான குழாயில் ஆக்சிஜன் அடிவரை போகாது. தட்டையான கிணற்றில் மெல்லிய படலமாகப் பரப்பி, மேலே ஒட்டுத்தாள் போட்டு ஆவியாகாமல் மூடுங்கள்.

இனி பின்னணி. லைசேட் தடுமாறுவது இங்கேதான். அந்தச் சவ்வுத் துணுக்குகளில் என்ஏடிஎச்சைத் தின்னும் சுவாச நொதிகள் இருக்கின்றன. டிஹைட்ரோஜினேஸை 340 நானோமீட்டரில் (என்ஏடிஎச் ஒளியை உறிஞ்சும் இடம்) பார்க்க நினைத்தால், உங்கள் மரபணு இல்லாத குழாயிலும் கோடு இறங்கிக்கொண்டே இருக்கும். பீட்டா-கேலக்டோசிடேஸ் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய பொறி உண்டு: டி7 பாலிமரேஸுக்காகக் கொடுத்த ஐபிடிஜி, செல்லின் சொந்த பீட்டா-கேலக்டோசிடேஸ் மரபணுவான லாக்இசட்டையும் கிளப்பிவிடும். அந்த நொதியால் நீலமாகும் எக்ஸ்-கேல் போட்டால் எல்லாக் குழாயும் நீலம். பீட்டா-லாக்டமேஸ் மியூட்டன்ட்களை நைட்ரோசெஃபினில் (அந்த நொதியால் நிறம் மாறும் பொருள்) ஓட்டுபவர்கள் தங்கள் பிளாஸ்மிட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதில் ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணு இருந்தால் அதுவே பீட்டா-லாக்டமேஸ்தான். லைசேட்டில் இருக்கும் ஈ. கோலை பாலிமரேஸ் அதையும் படித்துவிடும். கனமைசின் வெக்டருக்கு மாற்றிய பிறகே தொடங்குங்கள்.

பிசிஆர் துண்டை அப்படியே போட்டால் சாற்றில் இருக்கும் ரெக்பிசிடி நொதி அதைச் சில நிமிடங்களில் தின்றுவிடும். அதைத் தடுக்கும் காம்எஸ் புரதம் சேர்த்தால் துண்டு நிற்கும். டைசல்ஃபைடு தேவைப்படும் லிப்பேஸ், செல்லுலேஸ் போன்றவற்றுக்கு அந்தப் பிணைப்பை உடைக்கும் டிடிடி இல்லாமல் சாறு தயாரித்து, அயோடோஅசிட்டமைடால் பதப்படுத்தி, 4 மில்லிமோலார் ஆக்சிஜனேற்றிய குளுட்டத்தயோனும் 1 மில்லிமோலார் ஒடுக்கிய குளுட்டத்தயோனும், தவறான பிணைப்பைச் சரிசெய்யும் டிஎஸ்பிசி நொதியும் சேர்க்க வேண்டும்.

பியூர் அமைப்பு

2001-இல் டோக்கியோவில் ஷிமிசுவும் உயேதாவும் அவர்களது குழுவும் வெளியிட்டது. சாற்றுக்குப் பதில், மொழிபெயர்ப்புக்கு வேண்டிய ஒவ்வொரு புரதத்தையும் ஹிஸ்டிடின் டேக்கோடு தனித்தனியே சுத்திகரித்து, ரைபோசோமோடு கலப்பார்கள். நியூக்ளியேஸும் புரோட்டியேஸும் ஏறக்குறைய இல்லை என்பதால் பிசிஆர் துண்டு நேரடியாகவே ஓடும். டி7 புரோமோட்டர், அதன் பின் ரைபோசோம் பிணைப்பிடம், தொடக்கக் கோடான், நிறுத்தக் கோடான்: இவ்வளவே போதும். மியூட்டன்ட் நூலகத்தில் குளோனிங் படியே இல்லாமல் போகலாம். பியூரின் பெரிய பலம் அதுதான்.

வணிகக் கிட்டில் 25 மைக்ரோலிட்டர் வினைக்கு 10 மைக்ரோலிட்டர் ஏ கரைசல், 7.5 மைக்ரோலிட்டர் பி கரைசல், ஆர்என்ஏஸ் தடுப்பான் 20 யூனிட், டிஎன்ஏ 250 நானோகிராம், மீதி தண்ணீர். 37 டிகிரியில் 2 மணி நேரம். பாதி அளவில் ஓட்டினாலும் நொதி அஸேக்குப் போதும். கிட்டும் இரட்டிப்பாக நீளும். மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 மைக்ரோகிராம் புரதம் எதிர்பார்க்கலாம்.

முதல் முயற்சி தோற்றால் கிட்டைச் சந்தேகிக்கும் முன் டிஎன்ஏவைப் பாருங்கள். பிளாஸ்மிட் எடுக்கும் மினிபிரெப் கிட்டின் முதல் பஃபரிலேயே ஆர்என்ஏவை வெட்டும் ஆர்என்ஏஸ் ஏ இருக்கிறது. அதில் ஒரு துளி மிச்சம் வந்தாலும் எம்ஆர்என்ஏ மிஞ்சாது. ஃபீனால்-குளோரோஃபார்மில் ஒருமுறை சுத்தம் செய்து எத்தனாலில் வீழ்படிவாக்கினால், அல்லது பிசிஆர் செய்து அந்தத் துண்டைச் சுத்தம் செய்து போட்டால், பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

பியூர் என்றால் பின்னணியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். கிரியாட்டின் கைனேஸ், மயோகைனேஸ், பைரோபாஸ்பேட்டேஸ் ஆகியவையும், ஏடிபி, ஜிடிபியும் அதில் நிறைய இருக்கின்றன. பைரோபாஸ்பேட் உடைந்து பாஸ்பேட் சேர்வதால், மாலகைட் கிரீனில் பாஸ்பேட் அளக்கும் எந்த அஸேயும் இந்தக் கலவையில் நேரடியாக ஓடாது. கைனேஸ், ஏடிபேஸ் ஆய்வுகளும் அப்படியே. அதற்கு வழி உண்டு: 100 கிலோடால்டன் வடிகட்டியில் ரைபோசோமைப் பிடித்துவிட்டு, கீழே வந்ததை நிக்கல் ரெசினோடு கலக்கினால் ஹிஸ்டிடின் டேக் கொண்ட கிட்டின் புரதங்கள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், உங்கள் புரதம் மட்டும் கரைசலில் நிற்கும். இது நடக்க உங்கள் புரதத்தில் ஹிஸ்டிடின் டேக் இருக்கக் கூடாது, வடிகட்டியைத் தாண்டும் அளவிலும் இருக்க வேண்டும். பழைய பிஇடி கட்டுமானத்தை அப்படியே எடுத்துப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

பியூரில் சாப்பரோன் கிடையாது. பல டொமைன் கொண்ட பெரிய புரதம் லைசேட்டில் கரைந்து, பியூரில் கட்டியாகலாம். அப்போது டிஎன்ஏகே அல்லது ஜிஆர்ஓஇஎல் கலவையைத் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். பாலிமரேஸும் டி7 மட்டுமே. ஈ. கோலை புரோமோட்டர், அடக்கி, தூண்டி என்று மரபணுக் கட்டுப்பாட்டைப் படிப்பவர்கள் ஈ. கோலை பாலிமரேஸையும் சிக்மா காரணியையும் வெளியிலிருந்து சேர்த்தாக வேண்டும். அவர்களுக்கு லைசேட்டே இயல்பான இடம்.

கிட் உலர்பனியில் வரும். நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாளில் வந்திறங்கும்படி ஆர்டர் கொடுக்காதீர்கள். பொங்கல் வாரத்தில் கிடங்கில் கிடந்த பெட்டியில் உலர்பனி மிஞ்சாது. பெட்டி வந்ததும் உலர்பனி மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்து, அன்றைக்கே கிட்டோடு வரும் டிஎச்எஃப்ஆர் கன்ட்ரோலை ஓட்டிவிடுங்கள். பழுது இருந்தால் விநியோகஸ்தரிடம் கேட்க அதுதான் ஆதாரம்.

சொந்தமாகப் பியூர் செய்யும் வழியும் இருக்கிறது. 2019-இல் சுவிட்சர்லாந்தில் லவிச்கோவாவும் மேர்க்லும் எல்லா ஸ்ட்ரெய்ன்களையும் ஒரே ஃபிளாஸ்க்கில் சேர்த்து வளர்த்து, ஒரே பத்தியில் சுத்திகரிக்கும் முறையைக் காட்டினார்கள். வணிகக் கிட்டின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். ஆனால் ரைபோசோமைத் தனியே எடுக்க வேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட ஸ்ட்ரெய்ன்களைப் பராமரிக்க வேண்டும். அதற்கென்றே ஓர் ஆள் இருக்கும் குழுவுக்கே இது ஒத்துவரும்.

கோதுமை முளை, முயல் ரெட்டிகுலோசைட்

நிலவேம்பு, ஆடாதோடை போன்ற செடிகளின் முழுநீளப் புரதம் ஈ. கோலையில் அடம் பிடித்தால் கோதுமை முளைச் சாறு பார்க்கத்தக்கது. பெரிய யூகேரியோட் புரதங்கள் அதில் நன்றாக மடியும். இன்ட்ரான் இல்லாத சிடிஎன்ஏவிலிருந்து தொடங்குங்கள். செடிகளின் பி450 நொதிகளுக்கு மட்டும் இதை நாட வேண்டாம். சவ்வும் ரிடக்டேஸ் துணையும் இல்லாமல் அவை வேலை செய்யாது, ஈஸ்ட் செல்லே மேல். முயல் ரெட்டிகுலோசைட் சாற்றின் விளைச்சல் மிகக் குறைவு. புரதம் எந்த அளவில் வருகிறது, எதோடு ஒட்டுகிறது என்று பார்க்க உதவும். நொதி வேகம் அளக்கப் போதாது.

உங்கள் வேலைக்கு எது

மருந்து எதிர்ப்பு மரபணுக்களின் நூற்றுக்கணக்கான மியூட்டன்ட்: பியூரில் பிசிஆர் துண்டு, அல்லது கனமைசின் வெக்டரோடு லைசேட். டிஹைட்ரோஜினேஸ்: பியூர். புரோமோட்டர், ரைபோசோம் பிணைப்பிட ஒப்பீடு: லைசேட், யோசிக்கவே வேண்டாம். ஹைட்ரோஜினேஸ் போன்ற இரும்பு-கந்தக நொதிகள்: காற்றில்லாப் பெட்டி இல்லையென்றால் எந்தச் செல்-ஃப்ரீயும் வேண்டாம்.

தோல் பதனிடுவதில் சுண்ணாம்பு-சல்ஃபைடுக்குப் பதிலாக முடி நீக்கும் புரோட்டியேஸ், அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாக ஆய்வு செய்துவரும் துறை. அந்தத் திசையில் போகும் மாணவர்கள் செல்-ஃப்ரீயைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: வேலை செய்யும் புரோட்டியேஸ், அதைச் செய்துகொடுக்கும் டி7 பாலிமரேஸையும் காரணிகளையும் வெட்டிவிடும். விளைச்சல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பேசில்லஸில் சுரக்க வைப்பதே நேர்வழி. செயலிழந்த மியூட்டன்ட்டின் மடிப்பைப் பார்க்க மட்டும் செல்-ஃப்ரீ பொருந்தும்.

கல்லூரி வகுப்பறைக்கு உறைவுலர்த்திய லைசேட் நல்லது. தண்ணீர் ஊற்றினால் வேலை தொடங்கும். சிலிக்கா ஜெல்லோடு வெற்றிடத்தில் மூடி வைக்க வேண்டும். திறந்த பாக்கெட் சென்னைக் காற்றில் ஈரம் ஏறி வீணாகும். ஃப்ரீசர் மின்சாரத்தை நம்ப முடியாத ஆய்வகங்களும் சாற்றின் ஒரு பகுதியை இப்படி ஒதுக்கி வைக்கலாம்.

எதை எடுத்தாலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் மூன்று குழாய்கள் கூடவே போக வேண்டும். டிஎன்ஏ இல்லாதது ஒன்று. மரபணு இல்லாத அதே வெக்டர் ஒன்று. செயல்மையத்தில் ஒரே அமினோ அமிலம் மாற்றிய செயலற்ற மியூட்டன்ட் ஒன்று. மூன்றாவதுதான் நம்பகமானது, அதே அளவு புரதம் அங்கேயும் உருவாகியிருக்கும், வேலை மட்டும் இருக்காது. வினை முடிந்ததும் 12,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றி, மேல்பகுதியை மட்டும் அஸேக்கு எடுங்கள். லைசேட்டில் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சேர்த்திருந்தால், எஸ்டிஎஸ் பேஜ் ஜெல்லில் ஏற்றும் முன் அசிட்டோனில் புரதத்தை வீழ்த்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டைகள் இழுபடும். நொதியின் செறிவை ஜெல்லிலோ புரதத்தில் சேரும் ஒளிரும் லைசினிலோ அளக்காதவரை, சுத்திகரிக்காத கலவையிலிருந்து கேஎம் (வேகம் உச்சத்தில் பாதியாகும் வினைபொருள் செறிவு) எழுதலாம், கேகேட் எழுதக் கூடாது.